முப்பது வருடம் தள்ளிப்போன முழுக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாத பெட்டி, டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். குப்பம் தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பங்காருப்பேட்டை அம்மாள் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். பெங்களூரில் ஒரு ஞானஸ்நானம் என்றேன்.

"கொழந்தைக்கு எத்தினி மாசம்?"

"அறுபத்தோரு வருஷம்மா."

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பங்காருப்பேட்டை வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குழந்தை என்பது என் அக்கா ஜெயாவின் கணவர் பால்ராஜ் மாமா. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமானதும் அக்கா ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் சின்ன பாப்டிஸ்டு சபையில் சேர்ந்து முழுக்கு எடுத்துக்கொண்டாள். மாமா அவள் பின்னாலேயே போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார்.

இடையில் ஒரே ஒரு சிக்கல். குழந்தையாக இருக்கும்போது தலையில் தெளித்த தண்ணீர் அந்தச் சபையில் செல்லாது. விசுவாசித்த ஆள் தன் வாயாலேயே சொல்லி, தண்ணீருக்குள் முழுதாக முங்கி எழ வேண்டும். அதுவரை அவர் அங்கத்தினர் இல்லை. திருவிருந்தில் அப்பம் கிடையாது, சபைக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது. மாமாவுக்கோ தண்ணீர் என்றால் உயிர் போய்விடும். சிறுவயதில் ஏரியில் விழுந்து, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய ஆள். இன்றைக்கும் குளிக்கும்போது தலைக்குத் தண்ணீரைக் கையால் அள்ளித்தான் வைப்பார்.

பதினொன்றே காலுக்கு பெங்களூர் மெஜஸ்டிக்கில் இறங்கினேன். ஸ்ரீராம்புரம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. எனக்குத் தெரிந்த பதினாறு கன்னட வார்த்தைகளையும் செலவழித்து ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூத்தம்பது குடு சார், தமிழ்லயே பேசிக்கினு போலாம்" என்றார். நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குச் சபைக் கூட்டம். சபை என்றால் சந்துக்குள் ஒரு மாடிவீட்டு அளவுக் கட்டடம், பத்து பெஞ்சு, இரண்டு மின்விசிறி. அங்கே எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறார்கள். ஜமுக்காளம் வாங்கவும் கை, சுண்ணாம்பு அடிக்கவும் கை. பாஸ்டருக்கும் ஒரு ஓட்டுதான், கூட்டிப் பெருக்கும் மேரியம்மாவுக்கும் ஒரு ஓட்டுதான். ஆளுக்கொரு வேதப் புத்தகம் மடியில் இருக்கிறது. யாராவது ஒன்று சொன்னால் உடனே மற்றவர்கள் பக்கம் புரட்டுகிறார்கள்.

மாமா எழுந்து, தான் விசுவாசத்துக்கு வந்த விதத்தைச் சாட்சியாகச் சொன்னார். நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மேரியம்மா கை தூக்கினார்.

"பால்ராஜண்ணா, இவ்ளோ வருஷமா ஏன் எடுக்கல?"

"தண்ணின்னா பயம்மா."

"இப்ப பயம் பூட்ச்சா?"

"இல்லம்மா. வயசாய்ட்ச்சு. அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் தாமஸ் ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் ஓட்டெடுப்பு என்றதும் மாமா வழக்கம்போல வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முப்பது வருடப் பழக்கம் அல்லவா, யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்ளே எல்லாக் கைகளும் உயர்ந்தன.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "மச்சான், நாளைக்கு விட்டா அவ்ளோதான். இன்னொரு ஞாயித்துக்கெழமைக்கு தைரியம் வராது எனக்கு."

ஞாயிறு காலை எட்டரைக்குச் சபைக்குப் போனோம். பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்திருந்தார்கள். அடியில் சிமெண்டுத் தொட்டி, ஏழடி நீளம், நாலடி ஆழம். டேங்கர் தண்ணீர் ஒரு லோடு, ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒரு விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அந்தத் தொட்டியைத் தயார் செய்தவர் மாமாதான். காலித் தொட்டியில் இறங்கி அடைப்புக் கட்டையை இறுக்குவது, வெள்ளை அங்கி மிதக்காமலிருக்க அதன் ஓரத்தில் பீன்யா தொழிற்சாலை இரும்பு நட்டுகளை வைத்துத் தைக்கச் சொல்வது, எல்லாம் அவர் வேலை. தண்ணீர் விழத் தொடங்கியதும் மேலே ஏறிவிடுவார். இந்த முறை முழுக்கு எடுப்பவரே அவர் என்பதால், மரியாதைக்காக வேறு ஆட்களை வைத்துச் செய்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு மாமா நட்டு வைத்த அங்கியில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பிரசங்கத்தின் நடுவில் தாமஸ் எழுந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்கு அடிக்கோலை எடுத்து நீட்டிப் பார்த்தார்.

"பாஸ்டர், தண்ணி எறங்குது. மூணடிதான் கீது."

பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிவிட்டு பாஸ்டர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். முப்பத்திரண்டு வயது இளைஞர். கட்டையைக் காலால் அழுத்தினார். தண்ணீர் இன்னும் வேகமாகப் போனது. டேங்கர்காரரைக் கூப்பிட்டால் சாயங்காலம்தான் என்றார். அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். சபையல்லவா, அதற்கும் ஓட்டுப் போடலாம் என்று இன்னொருவர் எழுந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஆம்பூர் சபையில தலையில மூணு சொட்டு வெச்சா முடிஞ்சிரும். இங்க இவ்வளவு தண்ணி இருக்கே" என்றேன். மாட்டுத்தொழுவத்தில் பூனை பிரசங்கம் செய்ததுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாமஸ் மட்டும் அன்போடு பக்கம் புரட்டி, வேதத்தில் எத்தியோப்பிய மந்திரியும் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பும் இரண்டு பேருமே தண்ணீருக்குள் இறங்கிய இடத்தைக் காட்டினார். மூன்று சொட்டுக்கு எதற்கு இறங்குவார்கள் என்பது அவர் கேள்வி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மாமா எழுந்தார்.

"கட்டையில டியூப் சுத்தினீங்களா?"

"துணி சுத்தினோம்ணா" என்றார் சபை வேலைகளைப் பார்க்கும் ஒரு டீக்கன்.

"துணியா! யார்னா துணி சுத்துவாங்களா? சைக்கிள் டியூப் இல்ல சுத்தணும்!"

அவர் முகத்திலிருந்த பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் ஃபிட்டரின் எரிச்சல் வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே போய்த் தன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். விறுவிறுவென்று படியில் இறங்கினார். மூச்சைப் பிடித்துக் குனிந்தார், தலை உள்ளே போனது. எழுந்தார், திட்டினார், மறுபடி முங்கினார். மூன்றாம் முறை எழுந்தபோது, "நின்ட்ச்சு" என்றார். தாமஸ் அடிக்கோலை நீட்டினார். இரண்டரை அடி.

மேரியம்மா உரக்க, "ஆமென்! முடிஞ்சிட்ச்சு!" என்றார்.

"முடியல" என்றார் தாமஸ். "அறிக்கை பண்ணல, பாஸ்டர் ஆண்டவர் நாமத்தச் சொல்லல. தானா முங்கினா அது குளியல்."

"மூணு தடவ முங்கினாரே!"

"மூணு குளியல்."

இரண்டரை அடியில் உட்கார்ந்து சாய்ந்தால் முழுதும் நனையும் என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் இதற்குள் மாமாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்துவிட்டது. வேலை முடிந்ததும் பயம் திரும்பி வந்தது. பாஸ்டர் தொட்டிக்குள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார். "ஆமா" என்பது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா முன்னால் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். "இன்னாங்க, நான் இங்கதான் கீறேன்" என்றாள். மாமா அவளைப் பார்த்தார். இரண்டாம் முறை சொன்ன "ஆமா" கடைசி பெஞ்சு வரை கேட்டது.

ஆண்டவர் நாமத்தைச் சொல்லி பாஸ்டர் அவரைச் சாய்த்தார். சாயும் வேகத்தில் மாமா கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார், அகப்பட்டது பாஸ்டரின் கழுத்து. இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள். மாமாவின் கால்கள் மேலே எழும்பின, ஒரு கணம் அங்கி ஓரத்து நட்டுகள் மட்டும் தெரிந்தன. பிறகு இருவரும் தும்மிக்கொண்டே எழுந்தார்கள். சகோதரர் பால்ராஜுடையது செல்லும், பாஸ்டருடையது ஏற்கெனவே இருப்பதால் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று தாமஸ் குறித்துக்கொண்டார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், கண் கலங்கியதை மறைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு உலர்ந்த சட்டையில் மாமா திருவிருந்து எடுத்தார். அப்பத்தை உடனே வாயில் போடாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்டர் வலதுகை கொடுத்து அவரை அங்கத்தினராகச் சேர்த்தார். அன்றைக்குச் சபை முடிவு செய்யவேண்டிய விஷயம் ஒன்றுதான். ஆராதனையை ஒன்பதரையிலிருந்து ஒன்பதுக்கு மாற்றலாமா? ஓட்டெடுப்பு என்று கேட்டதும் மாமா வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, எங்க போறீங்க? குத்கொள்ளி, உக்காருங்க" என்றார் தாமஸ்.

மாற்றலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். மாமா தூக்கினார். வேண்டாம் என்பவர்கள் என்றார். மாமாவின் கை அப்போதும் மேலேயே இருந்தது.

"அண்ணா, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான்."

"தெரியும்பா. எறக்க மனசு வரல" என்றார் மாமா.

மாலை நாலேகாலுக்கு ரயில். ஆம்பூர் வரை ஜன்னலோரம் கிடைத்தது. எங்கள் சபை பெரியது, மணிக்கூண்டு உண்டு, ஆராதனை நேரம் மாறினால் மேலிடத்திலிருந்து கடிதம் வரும், பீடத்தில் வாசிப்பார்கள். மூன்று மாதக் குழந்தையாக நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே என் தலையில் தெளித்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனாலும் மாமாவை நினைத்தால் பொறாமையாக இருந்தது. எனக்கு ஐம்பத்துநாலு வயதாகிறது. எங்கள் கோயிலில் இதுவரை யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை, நானும் எதற்காகவும் கையைத் தூக்கியதில்லை.