வெள்ளிக்கிழமை இடித்த சுவர்

தும்பி பயிற்சிக்கூடத்தை விட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கத்தவில்லை, அழவில்லை. குழாயடியில் நின்று முழங்கை வரை கழுவினாள். காலில் கிடந்த கனத்த பூட்ஸ் கூடத்துச் சொத்து. அதைக் கழற்றி அலமாரியில் அதன் தட்டில் ஜோடி சேர்த்து வைத்தாள். தன் செருப்பை மாட்டிக்கொண்டு, முற்றத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளைச் சுற்றி வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், வாய எங்கயாவது அடகு வச்சிட்டியா? சொல்லாம கொள்ளாம போற?" என்று மேஸ்திரியக்கா கேட்டாள்.

"தலைவலிக்கா."

"போய்ப் படு. திங்கக்கிழமை சீக்கிரம் வா."

தும்பி தலையை ஆட்டினாளா இல்லையா என்பதை மேஸ்திரியக்கா கவனிக்கவில்லை. அவள் கையில் ஒரு செங்கல் இருந்தது. அதில் ஒட்டியிருந்த காரையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிற்பாடு எத்தனையோ முறை அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் செங்கல்தான் தெரிகிறது; பெண்ணின் முகம் தெரிவதில்லை.

மேஸ்திரியக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்து, படிப்பும் தானும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிந்தபின், அக்கா புருஷனோடு கட்டட வேலைக்குப் போனவள். மாமா நல்ல கொத்தனார். பேச்சுதான் அவரிடம் பஞ்சம். அவள் வைத்த வரிசை நூல் பிசகினால் வாய் திறக்கமாட்டார். காலால் ஒரு தட்டு தட்டுவார், வரிசை போய்விடும். சரியாக இருந்தாலும் வாய் திறக்கமாட்டார். ஒரு நாள் மட்டும் தன் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் டீ குடிக்கப் போனார். அவரிடம் அவள் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாராட்டு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும், எப்போதோ ஒரு தடவை, சத்தமில்லாமல் என்று அப்போதே மனசில் முடிவு கட்டிக்கொண்டாள்.

மாமா போய்ச் சேர்ந்தபின் அவளும் அக்காவும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், நாளுக்கு நான்கு சண்டையோடு சௌக்கியமாக இருந்தார்கள். பயிற்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது அதற்கப்புறம்.

பள்ளிக்கூடங்கள் கைகழுவிவிட்ட பிள்ளைகள் வந்து சேரும் இடம் அது. பழைய பஸ் கொட்டகையைத் தடுத்து ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் ஒயரிங், பின்னால் ரொட்டி அடுப்பு, மாடியில் தையலும் தச்சும். வாசல் பக்கத்து முற்றம் செங்கல் பிரிவுக்கு. "மேடம்னு கூப்பிடுங்க" என்று அலுவலகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் பார்த்தார்கள். முதல் நாளே அவள் மேஸ்திரியக்கா ஆகிவிட்டாள்.

தும்பி என்ற பேரும் அலுவலகத்தில் வைத்ததல்ல. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்று பழைய பள்ளிக்கூடத்தில் யாரோ வாத்தியார் வைத்தது, கூடவே வந்துவிட்டது. பதினேழு வயது. புத்தகத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்பாள். ஒயரிங்கில் போட்டார்கள், இரண்டு முறை மொத்தக் கூடத்துக்கும் கரண்டு போனது. ரொட்டியில் போட்டார்கள், ஜன்னலில் குருவி பார்த்துக்கொண்டிருந்தாள், ரொட்டி கரியானது. ஒருங்கிணைப்பாளர் அவளை முற்றத்துக்கு அழைத்து வந்தபோது அவருக்கே குரல் இறங்கியிருந்தது.

"மேஸ்திரியம்மா, இதுதான் கடைசி. இங்கயும் நிக்கலைன்னா பேரை எடுத்துருவோம். வேற வழி இல்ல."

"நின்னுக்கிட்டே செய்யற வேலைதான சார் இது. உக்காரச் சொன்னாத்தான பிரச்சினை?" என்றாள் மேஸ்திரியக்கா.

முற்றம் சின்னது, செங்கல் குறைவு. அதனால் அங்கே சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் மணலும் கலந்த காரைதான். திங்கட்கிழமை தொடங்கும் சுவரை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இடித்து, செங்கல்லைச் சுரண்டி அடுக்கவேண்டும். மறுவாரம் அதே செங்கல், அதே மணல். பிள்ளைகளுக்கு வாரத்திலேயே கொண்டாட்டமான நேரம் அதுதான். "டேய், உன் சுவரு தும்மினாலே விழும்டா," "உன்னுது தானா குனிஞ்சு கும்பிடுது பாரு" என்று கேலியும் உதையுமாக முற்றமே புழுதியாகும். தும்பியும் முதல் சில மாதங்கள் தன் கோணல் சுவரைத் தானே ஓடிவந்து உதைத்தாள். யாரும் பார்க்குமுன் ஒழிந்தால் சரி என்ற அவசரம் அதில் இருந்தது.

பிறகு அந்த வாரம் வந்தது. இரண்டு பக்கமும் வந்து சேரும் மூலைச் சுவர் ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தாள் மேஸ்திரியக்கா. செவ்வாய்க்கிழமை தும்பி பேச்சை நிறுத்தினாள். புதன்கிழமை சாப்பிட வர மறுத்தாள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது ஆடி ஓய்கிறவரை ஆடாமல் நின்றாள். அவள் ஓர் இடத்தில் அசையாமல் நின்றதை அந்தக் கூடம் அன்றைக்குத்தான் பார்த்தது. வெள்ளிக்கிழமை மட்டம் பார்க்க ரசமட்டத்தை மேலே வைத்தபோது குமிழி நடுவில் போய் உட்கார்ந்தது. மேஸ்திரியக்கா குனிந்து மூலையை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், விரலால் தடவினாள், "ம்" என்றாள்.

அந்த 'ம்'முக்குப் பின்னால் ஒரு பெரிய திட்டமே இருந்தது. பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சைக்கிள் நிறுத்தத்துக்குச் சுவர் எழுப்பும் வேலை கூடத்துக்கு வந்திருந்தது. நிஜச் சிமெண்ட், நிஜச் சுவர். திங்கட்கிழமை காலை தும்பியை அங்கே கூட்டிப்போய், ஒன்றும் சொல்லாமல் தன் கரண்டியை அவள் கையில் கொடுக்கவேண்டும் என்று மேஸ்திரியக்கா புதன்கிழமையே தீர்மானித்திருந்தாள்.

"அக்கா, இத மட்டும் திங்கக்கிழமை வரைக்கும் விடுங்களேன்" என்றாள் தும்பி.

"ஏன், குடி போகப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். தும்பி சிரிக்கவில்லை. "நாளைக்கு அம்மா வருவாங்க. மத்தியானம் போன்ல சொல்லிட்டேன். உள்ள வர வேணாம்க்கா, கேட்டுக்கு வெளிய நின்னே பாத்துட்டுப் போயிருவாங்க."

"உனக்கு விட்டா இவன் கேப்பான், அவ கேப்பா. அப்புறம் திங்கக்கிழமை என் தலை மேலயா கட்டுவீங்க? கட்டினவ நீ, நீயே இடி."

தும்பி நகரவில்லை. மேஸ்திரியக்கா குதிகாலால் ஓர் உதை விட்டாள். சுவர் அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது உதைக்குத்தான் மேல்வரிசை சரிந்தது. கெட்டிக்காரி, என்னமாய்ப் பிணைத்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை பொங்கியது. அந்தப் பெருமையோடுதான் மிச்சத்தையும் இடித்தாள். தும்பியிடம் இருந்தது பொத்தான் போன், அதில் படம் எடுக்க முடியாது. மேஸ்திரியக்காவின் பையில் இருந்த போனில் எடுக்கலாம். அது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை தும்பி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. புதன்கிழமை மேஸ்திரியக்கா விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது மாடி, நடைவழியில் காயும் துணிகள், கதவைத் திறந்த அம்மாவின் கைவிரல்கள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"அவ இல்லீங்க. அத்தை ஊருக்குப் போயிட்டா. அங்க ஓட்டல்ல துணி துவைக்கிற வேலை இருக்காம்."

"சனிக்கிழமை நீங்க வந்தீங்களாம்மா?"

"வந்தேனே. வேலைய முடிச்சிட்டு நேரா வந்தேன். கம்பிக்குள்ள எட்டி எட்டிப் பாத்தேன். செங்கல் அடுக்கி வச்சிருந்துச்சு, சுவரு கிவரு ஒண்ணும் காணல." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "வீட்டுக்கு வந்து கேட்டா, இடிச்சிட்டாங்கங்கிறா. நல்லாக் கட்டினத யாராவது இடிப்பாங்களா? முன்னாடியும் பாஸ்னு சொல்லுவா, போய்ப் பாத்தா பெயிலு. எனக்கு ஆத்திரம் தாங்கல. வாய்க்கு வந்தத எல்லாம் சொல்லிட்டேன்."

"அவ பொய் சொல்லலம்மா. நல்லாத்தான் கட்டியிருந்தா. நான்தான் இடிச்சேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாக் கட்டினான்னு அவகிட்ட சொன்னீங்களா?"

மேஸ்திரியக்கா படிப்பக்கம் திரும்பினாள். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தது.

அத்தை வீட்டு எண்ணை வாங்கிப் பல முறை கூப்பிட்டாள். ஒரு தடவை அத்தை எடுத்து, "அவளுக்குப் பேச இஷ்டமில்லையாம்" என்று வைத்துவிட்டாள். அன்று இரவு மேஸ்திரியக்கா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாயில இருந்து முத்தா கொட்டிப்போகும்?" என்றாள் அக்கா.

"மாமா சொன்னாரா எனக்கு?"

"அந்த மனுஷன் எனக்கும்தான் சொல்லல. சாகிற வரைக்கும் என் சமையல் புடிச்சுதா புடிக்கலையான்னே தெரியாது. அதப் போய்ப் பெரிய பாடம்னு கத்துக்கிட்டு வந்திருக்கா பாரு."

ஆசிரியர் கூட்டத்தில் பேசி, வாரத்துக்கு ஒரு சுவரையாவது திங்கள் வரை விட அனுமதி வாங்கினாள் மேஸ்திரியக்கா. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளை பிள்ளையாகப் போய், "இது இருக்கட்டுமாடா? வீட்ல யாராவது பாக்க வருவாங்களா?" என்று கேட்டாள். அவர்களுக்குச் சிரிப்பு. "எதுக்குக்கா, இடிச்சாத்தான ஜாலி!" என்று ஓடிவந்து உதைத்தார்கள். படம் எடுத்தாள், பாராட்டினாள். பழக்கமில்லாத வாய், பாராட்டும் திட்டு மாதிரியே வந்தது. நல்ல கொத்தனார்கள் சிலர் அவள் கையில் பழகி வெளியே போனார்கள். சைக்கிள் நிறுத்தச் சுவரை வேறு இரண்டு பேரை வைத்து முடித்தாள். தும்பியின் மூலை மாதிரி ஒரு மூலை அதில் வரவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடின. அக்காவின் கண்ணில் புரை வந்தது, மேஸ்திரியக்காவின் முட்டி தேய்ந்தது. இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி கிடந்தது. பின்னால் இயந்திரங்கள் சுழலும் இரைச்சல்.

"அக்கா, நான் தும்பி பேசுறேன். ஞாபகம் இருக்கோ என்னமோ. ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன். எழுத வராதுல்ல, அதான் பேசி அனுப்புறேன். ஓட்டல் சலவையிலதான் இருக்கேன், இப்ப நான்தான் சூப்பர்வைசர். நீங்க வீட்டுக்கு வந்து சொன்னத அம்மா அப்பவே சொன்னாங்க. எனக்குத்தான் திரும்பி வர மனசு வரல. கோவம்லாம் இல்லக்கா. இப்ப எதுக்குப் பேசுறேன்னா, என் கடைசித் தங்கச்சி, அப்ப அம்மா இடுப்புல இருந்தவ, அவளும் என்ன மாதிரியேதான், ஸ்கூல்ல ஆகாதுன்னுட்டாங்க. அங்கதான் சேக்கப் போறோம். நீங்க பாத்துக்குவீங்க, தெரியும். ஆனா அவள செங்கல்ல மட்டும் போடாதீங்கக்கா. தச்சு, தையல், ரொட்டி, எதுனாலும் சரி. சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப, செஞ்சதக் கையில எடுத்துட்டு வர்ற மாதிரி ஒண்ணுல போடுங்க. கோணலா இருந்தாலும் பரவால்ல."