திருவேங்கடத்தின் ஏழு நாள் சைக்கிள்

திருவேங்கடத்துக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் எழுபத்து மூன்றாம் வருஷம் ஊரப்பாக்கத்தில் போயின. எப்படிப் போயின என்பதற்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. ஒன்று அவன் சொன்னது, இன்னொன்று அவன் முதலாளி சாரங்கபாணி சொன்னது. ஊர் எதை நம்பியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது.

நான் அப்போது திருக்கழுக்குன்றத்தில் வாடகை சைக்கிள் கடையும் மைக் செட்டும் வைத்திருந்தேன். அவன் என் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்தான். விடிந்ததும் செங்கல்பட்டு வரை சைக்கிள் மிதித்து, ஸ்டேஷனில் வண்டியைப் போட்டுவிட்டு, ரயிலேறி ஊரப்பாக்கம் போவான். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சாரங்கபாணியின் பட்டறை. அமெரிக்காவுக்குப் போகும் ரேஸ் சைக்கிளுக்குப் பெடல் அடித்தார்கள். அந்த வருஷங்களில் அமெரிக்காக்காரனுக்கு என்ன வந்ததோ, பெரியவர்களெல்லாம் சைக்கிள் வாங்கக் கிளம்பிவிட்டார்களாம். தகடு வடக்கேயிருந்து வரும், பெடல் கப்பலேறிப் போகும், நடுவில் இவர்கள் கை. ஒருமுறை ஒரு பெடலை எனக்குக் கொண்டுவந்து காட்டினான். விளிம்பெல்லாம் ரம்பப் பல். வெறுங்காலில் மிதித்தால் பாதம் கிழிந்துவிடும். செருப்பில்லாதவன் செய்கிற சாமானைப் பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆர்டர் அவசரம் என்று, தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் கார்டைக் கழற்றிவிட்டார்கள். கார்டு என்பது கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பு. அது இருந்தால் வேலை மெதுவாகுமாம். அந்த வாரமே விரல் போயிற்று. சாரங்கபாணி தானே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்ல மனிதர் என்றுதானே நினைப்பீர்கள்? போன இடத்திலெல்லாம், குடித்துவிட்டு சைக்கிளிலிருந்து விழுந்தான், செயினில் விரல் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு வந்தார். சாராயக் கடை திறந்திருந்த காலம், யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு வாய் இருந்தது, வயிறும் இருந்தது.

வேலை போனதுகூட அவனுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. மனைவி வச்சலா போனதுதான் உறைத்தது. அவள் சதுரங்கப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா சாராயத்தால் செத்தவர். "குடிச்சியா, இல்லியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். இல்லை என்றான். கார்டைக் கழற்றியதையும் சொன்னான். "எங்கப்பனும் இப்டிதான் எதுனா சொல்லிகினே இருந்தான்" என்று அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மெஷினுதான் வெட்டிச்சின்னு அந்தாளு வாயாலயே சொல்ல வெக்கறேன், பாத்துகினே இரு அண்ணாத்த" என்றான் என்னிடம். கத்தியைத் தூக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் கேட்டது வாடகைக்கு ஒரு சைக்கிள்.

அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து சைக்கிள் சுற்றுவார்கள். ராப்பகலாக மைதானத்தில் வட்டமடிக்க வேண்டும். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஏழு நாளும் கால் தரையில் படக்கூடாது. கடைசி நாள் ஒரு பெரிய மனிதர் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்து இறக்கிவிடுவார். அவர் வந்த உடனே இறங்கியாக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. இதை யோசித்தவன் திருவேங்கடம் ஒருத்தன்தான்.

சாரங்கபாணி ஜில்லா சைக்கிள் பந்தய சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அடுத்த வருஷம் டெஹ்ரானில் ஆசியப் போட்டி நடக்கவிருந்தது. அதிகாரி என்ற பெயரில் ஒட்டிக்கொண்டு போய்வர ஆசை. பத்திரிகையில் படம் வருகிற இடமென்றால் கூப்பிடாமலே வருவார். நான் போய்க் கூப்பிட்டேன். சுற்றுகிறவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. வச்சலாவுக்கும் ஆள் அனுப்பினேன்.

சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் சுற்றினான். கடைசி நாள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. சாரங்கபாணி மாலையோடு நடுவில் வந்து நின்றார். ஆளை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளிறியது. நான் மைக்கை அவர் கையில் திணித்தேன்.

"சார், இந்த வெரலு எப்டி போச்சின்னு சொல்லு, எறங்கறேன்" என்றான் திருவேங்கடம்.

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? இறங்கு முதல்ல."

அவன் ஒரு சுற்று போய்வந்து அதையே கேட்டான். மறுபடியும் போனான், மறுபடியும் கேட்டான். முதலில் சிரித்த கூட்டம் அடங்கிவிட்டது. சாரங்கபாணி காரைப் பார்த்து நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் வழியும் விடவில்லை. ஆனால் சைக்கிள் ஆட ஆரம்பித்திருந்தது. விழுந்தால் முதலாளி சொன்ன கதையே உண்மையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

பத்திரிகையிலிருந்து வந்திருந்த நிருபர் சாரங்கபாணி பக்கத்தில் வந்து பேனாவைத் திறந்தார்.

"மெஷின்லதான் போச்சு" என்றார் சாரங்கபாணி.

"வடக்கால கீறவங்களுக்குக் காதுல வுழலியாம் சார். இன்னொரு தபா."

நான் சத்தத்தைக் கூட்டினேன். நாலு திசைக்கும் சொல்ல வைத்தான். எத்தனை கும்பாபிஷேகத்துக்கு மைக் கட்டியிருக்கிறேன், அன்றைக்குப்போல என் மனசு குளிர்ந்ததில்லை.

"அதோ, என் வூட்டுக்காரி நிக்கறா. நான் குடிக்கலன்னு அவளாண்ட சொல்லு."

பெண்கள் கூட்டத்தில் வச்சலா முன்னால் நின்றாள். சாரங்கபாணி அவளிடம் போய், "அவன் குடிக்கலைம்மா" என்றார். திருவேங்கடம் கேட்க நினைத்தது அவ்வளவுதான். அவள் விடவில்லை.

"கார்டைக் கழட்டச் சொன்னது யாரு?" என்றாள்.

அவள் நகரவில்லை. அவர் பின்னால் சைக்கிள் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான்தான்மா."

மைக் அவர் கையிலேயே இருந்ததால் அது மலையடி வரை கேட்டிருக்கும்.

வழக்கப்படி இறக்கிவிட அவர் கையை நீட்டினார். திருவேங்கடம் அதைத் தொடாமல் தாண்டிப் போனான். வச்சலாவிடம் போய் நிறுத்தி, மூன்று விரல் கையை அவள் தோளில் வைத்து, காலைத் தரையில் ஊன்றினான்.