திறக்காமல் விட்ட ரிப்போர்ட்

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறேன். எங்கள் மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. மனைவியைக் கோவைக்கு அழைத்துப்போய் அவளுக்கு அதை எடுத்தோம். மறுநாள் ஏலம் நடக்கும்போது ரிப்போர்ட் என் செல்போனுக்கு வந்தது. சற்று நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ரிப்போர்ட் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு அம்மணி, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றேன். நான் அதைத் திறக்கவே இல்லை.

என் பேச்சை நம்பி, அடுத்த வருடம் அவள் பரிசோதனைக்கே வரவில்லை. பிறகு கால் வீங்கியது. டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"கிட்னி கெட ஆரம்பிச்சது இதுலயே இருக்குதுங்களே! அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாமுங்க."

இன்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இப்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வரி விடாமல் படிக்கிறேன். என்ன வந்திருக்கிறது என்று அவள்தான் என்னிடம் கேட்பதில்லை.