சிங்கிளா, டபுள்ஸா?

முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை ஓங்கி அமுக்குவார். வண்டி குனிந்து நிமிரும். பிறகு, வந்தவரை விட்டுவிட்டு, காலியாக இருக்கும் பின்சீட்டைப் பார்த்துக் கேட்பார்: "சிங்கிளா, டபுள்ஸா?" தனியாக வந்தவர்கூட ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நானும் திரும்பிப் பார்த்தவன்தான்.

தாடிக்கொம்பு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சிலுவைமுத்துவுக்கு ஐம்பது வயது. எஞ்சினைத் தொட மாட்டார், பஞ்சர் பார்க்க மாட்டார். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் மட்டும்தான் அவர் தொழில். பிரேக் பிடித்தால் மூக்குக் குப்புற அமுங்குகிற வண்டியெல்லாம் அவரிடம் வந்துவிடும். குழாய்க்குள் இருக்கும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, அதைவிடக் கனமானதை ஊற்றுவார். ஒருவரே ஓட்டும் சிங்கிளுக்குப் பத்தாம் நம்பர் ஆயில், பின்னாலும் ஆள் ஏறும் டபுள்ஸுக்குப் பதினைந்து. நிறைய ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

"கல்லு மாதிரி ஆயிரும்ணே. மேல காத்துக்குக் கொஞ்சம் எடம் விடணும். அதுவும் மூச்சு விடணும்ல."

பட்டறை மூலையில் ஒரு கறுப்பு வண்டி நிற்கும். ஆறு வருடத்துக்கு முன் அவரும் தம்பி பாக்கியராஜும் கடைசியாகச் சேர்ந்து போன வண்டி. அகரத்துக்குச் சற்று முன்னால், கோடு அழிந்த வேகத்தடையைக் கண்டு திடீரென்று பிரேக் பிடித்திருக்கிறார். முன்பக்கம் அடிவரை அமுங்கிவிட்டது. பின்னால் இருந்த தம்பி அவர் தலைக்கு மேலே பறந்து ரோட்டில் விழுந்தார். பிறகு எழவில்லை.

"ஒத்த ஆளுக்குத்தான் ஊத்தியிருந்தேன். கெளம்புறப்ப நானும் வாரேன்னு ஏறிக்கிட்டான்."

கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல இதைச் சொல்வார். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

அந்த வண்டியில் பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் மாலையில் மேலே மடக்கிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். காலையில் திறந்தால் இரண்டும் கீழே இறங்கியிருக்குமாம். எலி வளர்க்கிறீர்களா என்று கிண்டல் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், ஒருநாள் என்னையே மடக்கச் சொன்னார். மறுநாள் நான் வந்து சேரும்வரை ஷட்டரை ஏற்றாமல் காத்திருந்தார். ஏற்றினார். இரண்டும் இறங்கியிருந்தன.

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்" என்றேன்.

"தளந்தா ஒரு பக்கம் தளரும்ணே."

அன்று முழுவதும் அந்த மூலைப் பக்கமே நான் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

போன திங்கட்கிழமை அந்த வண்டி வெளியே வந்தது. அவர் மகள் ஜீவிதாவுக்கு அகரத்தில் மருந்துக்கடை வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை, சித்தப்பா வண்டிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதே ரோடு, அதே வேகத்தடை. அதற்கு முன் மூன்று நாளாக ஆயிலை ஊற்றுவதும் அமுக்கிப் பார்த்துவிட்டு வடிப்பதுமாக இருந்தார். சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

"அவ பிரேக்கு பிடிச்சா வண்டி நிமுந்துரணும்ணே. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கடைசியாக ஊற்றிய டப்பாவைப் பார்த்தேன். பதினைந்து.

"பிள்ளை தனியாகத்தானே போகிறது?"

அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். ஜீவிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் ஹாண்டிலை அமுக்கினார். வண்டி நிதானமாகக் குனிந்து நிதானமாக நிமிர்ந்தது. குழாய்க்குள்ளே மெல்ல ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது எனக்கும் கேட்டது.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

"எப்பவும் வா போன்னுதானப்பா சொல்லுவ. இன்னைக்கு என்ன மரியாதையெல்லாம்?" என்று ஜீவிதா சிரித்தாள்.

சிலுவைமுத்து வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து, ஆறு வருடமாக மடக்கி மடக்கி வைத்த அந்த இரண்டு ஃபுட்ரெஸ்டையும் தன் கையாலேயே இறக்கிவிட்டார்.