அம்மா ஒதுங்கிய மலைப்பாதை

எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்புதான். திருவாரூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு மலை என்பது பாடப்புத்தகத்துப் படம். எனக்கு ஆசிரியை வேலை கிடைத்துச் சில வருடங்கள் கழித்து, பள்ளியில் உடன் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்துச் சேலம் பக்கத்து மலை ஒன்றுக்குக் கிளம்பினார்கள். நான் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் உச்சியில் வனத்துறையின் கண்காணிப்புக் கோபுரம். அதன் மேல் நின்றால் சமவெளி முழுக்கத் தெரியுமாம். ஆயுசெல்லாம் குனிந்து நாற்று நட்டவள், ஒரு தடவையாவது உயரத்தில் நிமிர்ந்து நிற்கட்டும் என்று எனக்கு ஆசை.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வினை ஆரம்பித்தது. எதிரே யாராவது இறங்கி வந்தால் போதும், அம்மா பாதையை விட்டுச் சரிவில் இறங்கி, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி தலைகுனிந்து நிற்பாள். கல்லூரிப் பையன்களுக்கு ஒதுங்கினாள். கடலை விற்கிறவனுக்கும் ஒதுங்கினாள். ஓரிடத்தில் சருகு வழுக்கிவிட்டது. ஒரு செடியைப் பிடித்துத் தொங்கியவளைத் தூக்கி விடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எதுக்கும்மா எறங்குற? பாதை எல்லாருக்கும் பொதுதானே?" என்று கத்திவிட்டேன்.

"கால் தானா எறங்கிடுது பாப்பா," என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வரப்பில் மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாள் வயல் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். அவர் தாண்டிப் போன பிறகுதான் மேலே ஏறலாம். தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும் அதே கதைதான். இத்தனைக்கும் அம்மா பயந்தாங்கொள்ளி இல்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அறுவடையை நிறுத்தியபோது, அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் களத்துமேட்டில் உட்கார்ந்தவள். போலீஸ் வேனில் கோஷம் போட்டுக்கொண்டே போனவள். பிறகு ஆட்சி மாறியது, மேடைக்கு மேடை சுயமரியாதை பேசினார்கள், குடியிருந்த மனைக்குப் பட்டாவும் வந்தது. அம்மாவின் கால்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்தக் கால்கள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

கோபுரத்துக்கு இரும்புப் படிக்கட்டு. ஒரு ஆள் போகிற அகலம்தான். பாதிப் படி ஏறியிருப்போம், மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, தங்கக் கடிகாரம், வாட்டசாட்டமான ஆள். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ஒதுங்க இடமில்லை. திரும்பிக் கீழே போகப் பார்த்தாள். பின்னால் நான் மறித்துக்கொண்டு நின்றேன்.

"வழிய விடு பாப்பா, அவரு வர்றாருல்ல," என்று கெஞ்சினாள்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "நீங்க வாங்கம்மா. மலையில ஏறி வர்றவங்களுக்குத்தான் மொதல்ல வழி," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே படியேறினார். அவர் ஒரு படி ஏற, அம்மா ஒரு படி ஏறினாள். அப்படியே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே எல்லாரும் ஊர்களைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை. அவர் மறுபடி இறங்கிப் போன படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால நடந்து போனாரு, பாத்தியா," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மலையிறங்கும்போது ஒரு கூட்டம் எதிரே ஏறி வந்தது. இப்போது அவர்களுக்குத்தான் முதல் வழி. ஒதுங்கலாம் என்று நான் சரிவில் கால் வைத்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ எறங்காத."

"ஏறி வர்றவங்களுக்கு வழி விடணும்மா. அவரு சொன்னாருல்ல."

"தெரியும். நான் எறங்கிக்கிறேன். ஒன்னைய இடுப்புல வச்சிக்கிட்டுச் சேத்துல நின்னப்பவே நெனச்சேன், இந்தப் புள்ள எவனுக்கும் எறங்கக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி நின்றாள். இந்த முறை தலை குனியவில்லை, என்னையே பார்த்தாள். ஏறி வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"படிச்சவங்க மாதிரி இருக்காங்க, ஒதுங்கத் தெரியல பாரு," என்று அவர்களில் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கடைசி ஆள் தாண்டிப் போகும்வரை நான் பாதையை விட்டு நகரவில்லை.