அக்காவின் முன்பல்லும் ஒரு கொய்யாக்காயும்

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பல் ஒட்டினார்கள். நாளில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று எனக்குக் கணிதச் சோதனை. அதைச் சொல்லாமல் அம்மாவோடும் அக்காவோடும் பஸ்சில் ஏறிவிட்டேன். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது.

அதற்கு மூன்று வருடங்கள் முன்பு குழாய்க்கிணற்றுக் கைப்பிடி எகிறி அடித்ததில் அக்காவின் முன்பல்லில் ஒரு மூலை போயிருந்தது. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கலியாணம் பேசி வந்த லண்டன் மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டபிறகுதான் அவசரம் வந்தது. அக்கா பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள். படிப்புப் போதும் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லியனுப்பினார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள். விஷயம் முடிந்தது என்று அம்மா நினைத்தார்.

மட்டக்களப்பு நகரில் பல் டொக்டர் நிற மாதிரிகளைப் பல்லோடு வைத்து ஒப்பிட்டார். பிறகு பசை போன்ற ஒன்றை மூலையில் அப்பி, நீல வெளிச்சம் பிடித்து இறுக்கி, தேய்த்து மினுக்கினார். முக்கால் மணித்தியாலம். எது பல், எது பசை என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"கடுஞ்சாமான் ஒண்டும் முன்பல்லால கடிக்கப்படாது," என்றார்.

"கொய்யாக்காய் கடிச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"கழண்டாலும் கழண்டிரும்."

அம்மா அங்கேயே என்னைக் காவலுக்கு நியமித்தார். புதன்கிழமை படம் எடுத்து அனுப்பினோம். ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளையின் தாயும் மாப்பிள்ளையின் பெரியம்மாவும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. முறுக்கு, எலும்பு, கரும்பு எல்லாவற்றையும் அக்காவிடம் அண்டவிடாமல் தடுத்தேன்.

ஞாயிறு காலை அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"புள்ள, ஒரு கொய்யாக்காய் ஆஞ்சு தா. கல்லு மாதிரிக் காயாப் பாரு."

"டொக்டர் வேணாமெண்டு சொன்னாரே?"

"கடைவாய்ப் பல்லால கடிக்கிறன், போ."

முன்பல்லால்தான் கடித்தாள். ஒரே கடி. மிச்சத்தை என்னிடம் தந்தாள். பயத்தில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பின்னேரம் வரை அக்கா வாயே திறக்கவில்லை. வெட்கம் என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி நீட்டும்போது அக்கா வாயைப் பொத்தாமல் நன்றாகச் சிரித்தாள்.

"படத்தில முழுப் பல்லுதானே இருந்திச்சு?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அது ஒட்டின பல்லு மாமி. கழண்டு போச்சு."

"இன்னும் என்னென்னத்த ஒட்டி வச்சிருக்காங்களோ!" என்றார் பெரியம்மா. தேத்தண்ணியை இருவரும் தொடவில்லை.

அவர்கள் போனதும் நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா பூவரசங்கம்பை எடுத்தார். அக்கா குறுக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்ல காய் புள்ள," என்றாள் என் காதுக்குள்.

அவளுக்குக் கொய்யா பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரத்திலிருந்த காய்களையெல்லாம் ஆய்ந்து ஒரு சுளகு நிறைய அவள் முன்னால் வைத்தேன். பல்கலைக்கழகப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் ஒன்றையும் தொடவில்லை. எனக்குச் சரியான கோபம்.