தெருக்குத்து வீட்டு ஆரோக்கியசாமி

கீரனூர் பஸ் கண்டக்டர்தான் கல்லூரி வாசலில் இறங்கி வந்து சொன்னார். “ஒங்க ஆரோக்கியசாமி சார் காலையில போயிட்டாருங்க. மாரடைப்பாம்.” எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. இனி யாரோடு சண்டை போடுவது என்ற அசதி. அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும்.

கல்லூரியின் கட்டடக்கலைப் பிரிவில் பாடம் நடத்திய அவரும் நானும் பக்கத்து நாற்காலிக்காரர்கள். ஆவூர்க்காரர், பேச்சு கம்மி. பேச்சை நான் பார்த்துக்கொண்டேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருடம் கழித்து, கீரனூர்ப் பக்கம் ஓர் ஊரின் கூரை வீடுகளெல்லாம் தீயில் போயின. புறம்போக்கு நிலத்தில் புதுத் தெருக்களுக்கு வரைபடம் போடும் வேலை நம் மாணவர்களுக்கு வந்தது. ஊராரோடு உட்கார்ந்து பேசித்தான் போட்டோம். மாட்டுக்கு எங்கே இடம், வைக்கோற்போர் எங்கே என்று எல்லாம் கேட்டோம். படத்தைக் கோயில் சுவரில் மாட்டிக் காட்டியபோது “நல்லாருக்குங்க” என்றார்கள். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. வெயிலில் வாடி நின்ற வெளியூர்ப் பிள்ளைகளிடம் வேறு என்னதான் சொல்வார்கள்?

சீட்டுக் குலுக்கி மனை கொடுத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. நீளத் தெரு நேராகப் போய் முட்டும் இடத்தில் ஒரு மனை இருந்தது. தெருக்குத்து. அதில் குடியிருந்தால் உயிர்ச்சேதம் என்பது ஊர் நம்பிக்கை. அது கறுப்பாயிக்கு விழுந்தது. புருஷனை இழந்தவர், கைப்பிள்ளைக்காரி. சீட்டைத் திருப்பி வைத்துவிட்டார்.

“வேணாங்க. இருக்கிற ஒத்தப் புள்ளையையும் தெருக்குத்துக்குக் கொடுத்துட்டு நான் அங்கிட்டு ஒக்காந்திருக்கவா?”

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று, வெளிச்சம் என்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்து இழுத்தார். “அங்க படுக்கப் போறது அவங்க. நீங்க இல்ல.”

மாணவர்கள் தங்குவதற்கென்று கல்லூரிக்கு ஒரு மனை ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கறுப்பாயிக்குக் கொடுத்துவிட்டு, தெருக்குத்தைக் கல்லூரிக்கு வாங்கிக்கொண்டார். மேலிடத்தின் சம்மதம் கிடைப்பதற்குள் அவர் செருப்பு தேய்ந்துவிட்டது.

அத்தோடு விட்டாரா? வீடு எழும்பியதும் மனைவி ஞானத்தோடு தானே குடிவந்துவிட்டார். “மூடநம்பிக்கைன்னு நிரூபிக்கப் போறீங்களாக்கும்?” என்று சீண்டினேன். “அட, அதுக்கில்லங்க. வீடு பூட்டிக் கெடந்தா, நம்மாலதானேன்னு அந்தம்மாவுக்கு உறுத்தும்” என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

வருடா வருடம் மாணவர்கள் அந்த வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடமும் வாய்க்காலும் ஊராரோடு சேர்ந்து வரைந்தார்கள். “நல்லாருக்குன்னா நம்பாதீங்க. எது பிடிக்கலைன்னு கேளுங்க” என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வற்றும்.

சாவுச் செய்தி கேட்டு நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறைய ஜனம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் அந்த நீளத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. கறுப்பாயி புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். “எம் புள்ளைக்கு வந்தத அவரு வாங்கிக்கிட்டாருங்களே!”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இதற்கும் ஒரு பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ஞானம் கணவரின் பக்கத்தை விட்டு எழுந்து வந்து, புழுதியில் கறுப்பாயிக்கு அருகே உட்கார்ந்தார்.

“இல்ல ஆத்தா. அவருக்குச் சின்ன வயசுலேயே நெஞ்சுல கோளாறு. இந்த ஊருக்கு வரும்போதே டாக்டர் கைவிட்டுட்டாரு. இங்க வந்ததாலதான் இத்தன வருஷம் இருந்தாரு.”

கறுப்பாயியின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “நெசமாங்களா சார்?”

விராலிமலைப் படிகளை மூச்சிரைக்காமல் ஏறி, மேலே நின்று என்னைக் கேலி செய்கிறவர் ஆரோக்கியசாமி. அவருக்கு எந்தக் கோளாறும் இருந்ததில்லை.

“ஆமாம்மா. எனக்கும் தெரியும்” என்றேன்.

வாழ்நாளெல்லாம் மெய்யென்று பட்டதற்காக ஊரோடு மல்லுக்கட்டியவன் நான். ஆரோக்கியசாமி போனபின் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பொய்தான். நீங்கள் அந்த ஊர்ப்பக்கம் போனால், கறுப்பாயி உங்களிடமும் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள்.